கீமோ முடிந்தும் கை கால் எரிகிறதா? காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் காரைக்குடியில் வீட்டில் பலகாரம் போட்டு விற்கிறவள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, பக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு ஏற்றினார்கள். ஏழாவதில் விரல் நுனி மதமதத்தது. பத்தாவதில் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. எல்லாம் முடிந்து, "இனிக் கவலையில்லை" என்று கேட்டுப் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்து வந்த பிறகுதான் எரிச்சல் உச்சத்துக்கு ஏறியது. ராத்திரி காலில் போர்வை பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அதே காலத்தில் ஒரு நாள் மனகோலம் என்ற பலகாரம் போட்டுக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கிற பெண், "அக்கா, என்னமோ தீயுற வாசம் வருது" என்றாள். எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் என் சுண்டுவிரல் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. போர்வை பட்டால் துடிக்கிறது, கொதிக்கிற இரும்பு பட்டால் தெரியவில்லை. கெட்டுப்போன நரம்பு அப்படித்தான் என்று பின்னால் டாக்டர் சொன்னார்: வரவேண்டிய சேதியை அனுப்பாது, இல்லாத சேதியை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சரியான இடத்துக்குப் போய்ச் சேர எனக்கு ஏழு மாதம் ஆனது. உங்களுக்கு அத்தனை ஆகவேண்டியதில்லை. நான் டாக்டர் இல்லை. கீழே வரும் மருந்துப் பெயரும் அளவும் நீங்கள் டாக்டரிடம் கேட்டுப் பேசத்தான், கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள அல்ல.

1. முதலில், இது காத்திருக்கக்கூடிய வலியா என்று பாருங்கள்

கீமோவால் வரும் நரம்பு வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். கால்விரலில் தொடங்கி மேலே ஏறும், பிறகு கைவிரல். காலுறையும் கையுறையும் போட்ட இடம் மட்டும் கெட்டதுபோல இருக்கும். பக்லிடாக்சல், டோசிடாக்சல், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின், போர்டிசோமிப், தாலிடோமைடு ஆகியவை இதற்குப் பேர்போன மருந்துகள். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் இவற்றில் ஒன்று இருக்கிறதா பாருங்கள்.

அறுவை செய்த பக்கத்து அக்குளும் மேல்கையின் உள்பக்கமும் மட்டும் எரிந்தால் அது அறுவையில் பட்ட நரம்பு. கதிர்வீச்சு வாங்கிய பக்கத்துக் கை பல வருடம் கழித்து மரத்து, பலம் குறைந்தால் அது வேறு கணக்கு. உடனே காட்டவேண்டும்.

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும்:

முதுகில் புதிதாகக் கடும் வலி வந்து, கூடவே கால் பலமிழந்தால், மூத்திரம் மலம் கட்டுப்பாடு போனால், அது முதுகுத்தண்டு அழுத்தமாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் திரும்பாமல் போய்விடக்கூடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து கொப்புளம் வந்தால் அது அக்கி. நம் பக்கத்தில் முதலில் காவியால் அக்கி எழுதத்தான் கூட்டிப் போவார்கள். எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அக்கி ஆறிய பிறகும் சிலருக்கு அந்த இடத்து வலி மாதக்கணக்கில் நிற்கும்.

கீமோ நடக்கும்போது கால் புண்ணோடு காய்ச்சல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

2. ஊசி இன்னும் பாக்கி இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்

நான் செய்த பெரிய தப்பு இது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த நரம்புச் சேதத்தை வராமல் தடுக்க உறுதியான மருந்து எதுவும் இல்லை. டாக்டர் கையில் இருப்பது அளவைக் குறைப்பது, ஒரு வாரம் தள்ளுவது, மருந்தை மாற்றுவது இவைதான். அதற்கு அவருக்குத் தெரிய வேண்டும். சட்டைப் பித்தான் போடமுடியவில்லை, செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்பதை அடுத்த ஊசி ஏற்றுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறுகிறவர்களுக்கு முதல் சில நாள் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டால் கறண்டு அடித்த மாதிரி இருக்கும், ஐஸ் தண்ணீர் தொண்டையை அடைக்கும். சிஸ்பிளாட்டினும் ஆக்ஸாலிபிளாட்டினும் ஊசி முடிந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் வலியை ஏற்றிக்கொண்டே போகக்கூடியவை. அது நோய் திரும்பிவிட்டதற்கு அடையாளம் அல்ல.

3. "பரவாயில்லை" என்ற வார்த்தையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

"எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால் நம் வாயில் தானாக வருவது "பரவாயில்லைங்க". அவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். என் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன், ஆறு தடவையும் வலி பற்றி ஒரு வரி கிடையாது. குற்றம் அவர்மேல் மட்டும் இல்லை.

"வலிக்குது" என்று மட்டும் சொன்னால் பாரசிட்டமால்தான் கிடைக்கும். நரம்பு வலிக்கு அது பெரிதாகக் கேட்காது. எந்த மாதிரி வலி என்பதில்தான் மருந்தே மாறுகிறது. நம்மிடம் அதற்கு வார்த்தை நிறைய இருக்கிறது. எரிச்சல், குத்தல், மதமதப்பு, சுருக்கென்று இழுப்பது, எறும்பு ஊறுவது, மிளகாய் அரைத்த கை மாதிரி காந்துவது, பஞ்சு மேல் நடப்பது, மணலில் நிற்பது, சேலைக் கொசுவம் உரசினாலே எரிவது. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வலிக்கக் கூடாத தொடுதல் வலிப்பது நரம்பு வலிக்கு முக்கியமான அடையாளம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரம் தினமும் எழுதுங்கள்: காலை, மதியம், ராத்திரி வலி பத்துக்கு எத்தனை, எந்த இடம், தூக்கம் எத்தனை மணி நேரம், அன்றைக்குச் செய்யமுடியாமல் போன ஒரு வேலை. இந்தக் கடைசிப் பத்திதான் எனக்குக் கதவைத் திறந்தது. "தேன்குழல் அச்சைப் பிழியமுடியவில்லை", "ஊசியில் நூல் கோக்க முடியவில்லை", "படியில் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன்" என்று எழுதியிருந்தேன். மதுரையில் நர்ஸம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "எத்தன மாசமாம்மா இப்படி?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன்.

4. கோப்பு

அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் "பழைய பேப்பர் எங்கே" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவை இருக்கட்டும்: பயாப்சி அறிக்கை, அறுவைச் சுருக்கம், எந்தக் கீமோ எத்தனை தடவை எவ்வளவு என்று எழுதிய சீட்டு, கதிர்வீச்சுச் சுருக்கம், கடைசி ஸ்கேன், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகள் (சர்க்கரை, பிரஷர், சித்த மருந்து எல்லாம் சேர்த்து), ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ். கீமோ சீட்டைக் கேட்டு வாங்குங்கள், நம்மிடம் பெரும்பாலும் பில் மட்டுமே இருக்கும்.

போவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டால் ஒரு பயணம் மிச்சம். பி12, தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), கல்லீரல் பரிசோதனை. சர்க்கரையும் பி12 குறைவும் இதே எரிச்சலைத் தரும். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கிரியாட்டினின் தெரியாமல் சில நரம்பு மாத்திரைகளின் அளவை முடிவு செய்யவே முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் இவற்றில் பல இலவசம். நரம்புக் கடத்தல் பரிசோதனையை மட்டும் யார் சொன்னாலும் உடனே எடுக்காதீர்கள். எனக்குத் தனியாரில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது, "இது இல்லாமலே தெரியுதே" என்று வலிப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களே எழுதுவார்கள்.

5. எந்தக் கதவைத் தட்டுவது

நான் முதலில் எலும்பு டாக்டர், பிறகு நரம்பு டாக்டர், பிறகு தெருமுனை மருந்துக்கடை என்று சுற்றினேன். போகவேண்டிய இடம் "வலி நிவாரணம் மற்றும் நோய் தணிப்பு சிகிச்சை" பிரிவு. சீட்டுப் போடும் இடத்தில் பெயின் அண்ட் பாலியேட்டிவ் என்று கேட்டால் உடனே புரியும். வலி கிளினிக்கைப் பல மருத்துவக் கல்லூரிகளில் மயக்க மருந்து டாக்டர்கள்தான் நடத்துகிறார்கள், ஆச்சரியப்படாதீர்கள்.

"பாலியேட்டிவா? அது சாகப்போறவங்களுக்குல்ல" என்று என் நாத்தனார் பதறினார். இல்லை. நோய் குணமானவருக்கும் சிகிச்சை நடக்கிறவருக்கும் அங்கே வலி பார்க்கிறார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர்க்காரர்கள் முதலில் காரைக்குடி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அடுத்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திருமயம், பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி. அங்கெல்லாம் முடியாவிட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. திருப்பத்தூர், மேலூர் வழி பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெளிநோயாளர் சீட்டு காலையில்தான் தருவார்கள், முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். எந்தக் கிழமை வலிப் பிரிவு நடக்கிறது என்று கேட்காமல் போகாதீர்கள். நான் ஒரு தடவை சும்மா போய்த் திரும்பினேன்.

நடக்கமுடியாதவர்கள் வட்டாரத்தில் மக்களைத் தேடி மருத்துவம் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டுமில்லை, வீட்டுக்கு வந்து நோய் தணிப்பும் பிசியோதெரபியும் உண்டு. பலருக்கு இது தெரியாது. யாரைக் கேட்பது என்று புரியாவிட்டால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள்.

பயணத்துக்கு: புற்றுநோயாளி சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ ரயிலில் போனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுத் தள்ளுபடி. கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். டிக்கெட்டை நேரில் கவுண்டரில் எடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். இ-சேவையில் வருமானச் சான்று எடுத்து, குடும்ப அட்டை, ஆதாரோடு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் பதியவேண்டும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆனால் இது பெரும்பாலும் படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் வலி மாத்திரைக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

6. மாத்திரை: எது, எத்தனை நாளில், எவ்வளவு

கீமோ நரம்பு வலிக்கு ஆராய்ச்சியில் ஓரளவு நிரூபணம் உள்ளது டுலாக்ஸெடின் ஒன்றுதான். மனச்சோர்வுக்கும் இதே மருந்து கொடுப்பார்கள், அதனால் கூகுளில் பார்த்துவிட்டு "எனக்கு மனநோய் மாத்திரை எழுதிட்டாக" என்று தூக்கி எறியாதீர்கள். நான் எறிந்தேன், இரண்டு மாதம் வீண். 2013-இல் 231 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு இருக்கிறது. டுலாக்ஸெடின் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 சதவீதம் பேருக்கும் வலி கொஞ்சமாவது குறைந்தது. வித்தியாசம் உண்டு, அற்புதம் இல்லை. எனக்கு எட்டிலிருந்து ஐந்துக்கு வந்தது. தூக்கம் வந்தது, அதுவே பெரிது.

வழக்கமாக ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60. முதல் வாரம் குமட்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். நான்கைந்து வாரம் கொடுத்துப் பார்க்காமல் "கேக்கலை" என்று முடிவு கட்டாதீர்கள். டாமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த மருந்து உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை டுலாக்ஸெடின் குறைக்கக்கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரையோடு சேரும்போதும் கவனம் தேவை. கல்லீரல் கோளாறோ கண்ணில் நீர் அழுத்தமோ இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

பிரகாபலின், கபாபென்டின் இரண்டையும் எல்லாரும் எழுதுகிறார்கள். சர்க்கரை நரம்பு வலிக்கு நன்றாகக் கேட்கும். கீமோ வலிக்கு நிரூபணம் குறைவு, ஆனாலும் சிலருக்கு உதவுகிறது. தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், கால் வீக்கம் வரும். ராத்திரி மட்டும் சிறிய அளவில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அமிட்ரிப்டிலின் 10 மி.கி.யும் ராத்திரி மாத்திரைதான். வாய் உலரும், மலம் கட்டும், வயதானவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். சின்ன இடத்தில் மட்டும் வலி என்றால், அறுவைத் தழும்பு மாதிரி, லிடோகெய்ன் பட்டை (தோலில் ஒட்டும் பேட்ச்) கேளுங்கள்.

செலவு: பிராண்டு பெயரில் வாங்கியபோது எனக்கு மாதம் ஆயிரத்து இருநூறு தாண்டியது. அதே மருந்தை மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) சொல்லி வாங்க ஆரம்பித்த பிறகு நானூறுக்குள் முடிகிறது. தமிழக அரசு 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயரைத் தமிழிலோ பெரிய எழுத்திலோ எழுதித் தரச் சொல்வதில் வெட்கமில்லை.

7. "நரம்புச் சத்து" மாத்திரை என்ற பொறி

மருந்துக்கடையில் கை மதமதப்பு என்று சொன்னால் உடனே ஒரு சிவப்பு அட்டை வரும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெத்தில்கோபாலமினோடு பி6, அசிட்டைல் எல் கார்னிடின், ஆல்பா லிபோயிக் என்று வரிசையாக இருக்கும். பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அசிட்டைல் எல் கார்னிடின் பக்லிடாக்சல் வகை ஊசி ஏறும்போது நரம்புச் சேதத்தை அதிகமாக்கியது என்று 2013-இல் ஆய்வு வந்திருக்கிறது. வேண்டாம் என்றே புற்றுநோய் டாக்டர்கள் சொல்கிறார்கள். நான் அதை ஐந்து மாதம் சாப்பிட்டேன், ஒரு அட்டை இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்து. பி12 குறைவாக இருந்தால் பி12 போடுங்கள், அது போதும்.

ஊர் பேர் இல்லாத பொடி, பஸ்பம் வாங்காதீர்கள். ஈயம், ஆர்சனிக் கலந்திருந்தால் இருக்கிற நரம்பும் போகும். உணர்வில்லாத காலுக்குச் சூடான மணல் ஒத்தடமும் வேண்டாம்.

8. மார்ஃபின் என்றதும் ஓடாதீர்கள்

நோய் இருக்கும்போதே வலி மிகக் கடுமையாக இருப்பவர்களுக்கு இந்த வலி மருந்தை டாக்டர் எழுதலாம். மருந்துக்கடையில் கிடைக்காது. அனுமதி பெற்ற மருத்துவமனையில் மட்டும்தான். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதில் முன்னைவிட எளிதாகியிருக்கிறது. சீட்டு, ஆதார் நகல் கேட்பார்கள், குறிப்பிட்ட நாளுக்குத்தான் தருவார்கள், எண்ணி வாங்கி எண்ணி வையுங்கள். மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கேளுங்கள். கூட்டுக்குடும்பமாக இருந்தால் பூட்டி வைக்கவேண்டும்.

9. நம் வீடுதான் பெரிய ஆபத்து

ஆத்தங்குடிக் கல் பளபளக்கத் தேங்காயெண்ணெய் துடைப்பது நம் பெருமை. உள்ளங்கால் உணர்வில்லாதவருக்கு அது வழுக்குப் பாறை. நடக்கும் பாதையில் மட்டும் எண்ணெயை நிறுத்துங்கள். வளவு, பட்டாலை, பின்கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதிக்குள் நுழையும்போதும் நிலைப்படி தடுக்கும். கழிவறை பின்கட்டில் இருந்தால் வழி நெடுக ராத்திரி விளக்கு. நிலைப்படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு இழுத்தேன், மருமகள் முகம் சுளித்தாள், இருக்கட்டும். மத்தியான வெயிலில் முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். கோயில் பிரகாரமும் அப்படித்தான்.

வீட்டுக்குள்ளும் செருப்பு. மென்மையான எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு, பின்வார் உள்ளதாக. படுக்குமுன் பாதத்தை ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள், முள்ளும் கொப்புளமும் இருந்தாலும் தெரியாது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். அடுப்படியில் நீளக் கைப்பிடி இடுக்கி. பணியாரம் திருப்பும் ஊசியை நான் விட்டுவிட்டேன், அரிவாள்மனையும் இப்போது மருமகள் கையில்.

ஒன்று சொன்னால் கோபப்படாதீர்கள். குணமானால் பழநிக்கு நடந்து வருகிறேன், பூக்குழி இறங்குகிறேன் என்று நேர்ந்துகொள்பவர்கள் நம் பக்கம் அதிகம். மரத்த கால் வெந்தாலும் கிழிந்தாலும் சேதி சொல்லாது. முடி இறக்குங்கள், பால்குடம் எடுங்கள், நடையும் நெருப்பும் வேண்டாம்.

நடக்காமல் உட்கார்ந்துவிடவும் கூடாது. தினம் இருபது நிமிடம் செருப்போடு நடை, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை காட்டினால் போதும்.

10. எத்தனை நாள், எப்படி நிறுத்துவது

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி கீமோ முடிந்த ஒரு மாதத்துக்குள் 68 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது, மூன்றாம் மாதம் 60, ஆறு மாதம் தாண்டி 30 சதவீதம். அதாவது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைகிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. எனக்கு ஒன்றரை வருடம் ஆகியும் விரல் நுனி மதமதப்பு போகவில்லை. எரிச்சல் பத்துக்கு மூன்றில் நிற்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோட்டோடு போய், இந்த மாத்திரை இன்னும் தேவையா என்று நீங்களே கேளுங்கள். குறைந்துவிட்டது என்று திடீரென நிறுத்தாதீர்கள். டுலாக்ஸெடினும் பிரகாபலினும் படிப்படியாகத்தான் இறக்கவேண்டும். தீபாவளி ஆர்டர் நேரத்தில் நான் மூன்று நாள் வாங்க மறந்தேன். தலைச்சுற்றல், வியர்வை, தலைக்குள் கறண்டு ஓடுவதுபோல ஒரு வெட்டு. அன்றிலிருந்து அரிசி டின்னுக்கு மேலே எப்போதும் ஓர் அட்டை கூடுதலாக இருக்கும்.